கதகதப்புச் சான்றிதழ்

வடசீனத்து யின்ஹே மாவட்டத்தில் வீடு வாங்கச் சிறந்த பருவம் குளிர்காலமே என்பது, அக்டோபரில் நடந்த கூட்டமொன்றில் பதினேழு பேர் கையைத் தூக்கியதன் மூலம் நிரூபிக்கப்பட்டது. அதுவரை அந்த ஊரில் இந்த உண்மை யாருக்கும் தெரியாமல் இருந்தது. வெளியே மைனஸ் இருபத்தேழு டிகிரியில், கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட யாருக்கு மனசு வரும்? ஜனங்கள் ஆற்றுப் பனி உடையும்வரை காத்திருந்து, மே மாதம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்புவார்கள். விற்பனை அறிக்கையில் ஐந்து மாதம் பூஜ்யமாக நிற்கும். இந்தப் பூஜ்யங்கள் மேலிடத்தின் கண்ணை உறுத்தின. 'குளிர்கால வீடு வாங்குவோர் நல மையம்' பிறந்தது. கூடவே ஓர் இயக்குநரும், நாற்பது பக்கக் கையேடும் பிறந்தார்கள்.

தாவ் குவாங்யுவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. அவன் ரயில் பெட்டிப் பணிமனையில் வெல்டர். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு. ஒன்று, மனைவி மெங் சூயானுக்கு ஜனவரி கடைசியில் பிரசவம். இரண்டு, அதற்குமுன் இப்போதிருக்கும் வாடகை அறையைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட முகம் கோணிப் பேசியதில்லை. ஆனால் அவர் வீட்டில் இன்னொருத்தி பிள்ளை பெற்று ஒரு மாசம் படுத்திருந்தால் அவருடைய அதிர்ஷ்டம் போய்விடுமாம்.

"சாவு வேணும்னாலும் இங்கயே வச்சுக்கோ தம்பி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மாசம் மட்டும் வேற எங்கயாவது இருக்கச் சொல்லு" என்றார் பெருந்தன்மையாக.

'மாசம் இருப்பது' அங்கே விளையாட்டில்லை. பிள்ளை பெற்றவள் முப்பது நாள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. குளிர்ந்த நீரைத் தொடக்கூடாது. ஊசிமுனை அளவு காற்றுகூட மேலே படக்கூடாது. பட்டால் அந்தக் குளிர் எலும்பில் குடியேறி அறுபது வயசில் வாடகை கேட்கும். அந்நியர்கள் அறைக்குள் நுழையக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அறை கதகதப்பாக இருக்க வேண்டும். எனவே தாவுக்கு வேண்டியது சொந்தமாக ஒரு கதகதப்பான அறை. ஐந்து வாரம் பாக்கி இருந்தது.

மையத்தின் இயக்குநர் சியாங் அவனை வாசல்வரை வந்து வரவேற்றார். அந்தக் குளிர்காலத்தில் உள்ளே வந்த முதல் ஆள் அவன்தான்.

"தம்பி, நீங்க புத்திசாலி" என்று ஆரம்பித்தார். "கோடையில எல்லா வீடும் நல்ல வீடுதான். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போன மாதிரி, மூஞ்சியெல்லாம் மாவு பூசி நிக்கும். வீட்டோட நிஜமான குணம் எப்போ தெரியும்? குளிர்காலத்துல! சன்னல் ஒழுகுதா, சுவர் பூஞ்சை பிடிக்குதா, குழாய் சுடுதா, எல்லாம் தானா வெளிய வந்துடும். குளிர்காலத்துல வீடு பார்க்கறவன ஒருத்தனும் ஏமாத்த முடியாது."

தாவுக்கு இது நியாயமாகப் பட்டது. உண்மையில் நியாயமும்கூட. மையம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் அப்படிப்பட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"நாங்க அதோட விடல. இந்த மாவட்டத்துல குளிர்காலத்துல விக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் கதகதப்புச் சான்றிதழ் உண்டு. அறைக்கு நட்டநடுவுல, தரையிலேர்ந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல, பதினெட்டு டிகிரி காட்டணும். காட்டலேன்னா கதவுல சிவப்புக் காகிதம். அடுத்த குளிர்காலம்வரை அந்த வீட்ட யாரும் விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பூட்டித்தான் கெடக்கும்."

"எத்தன வீட்டுக்கு ஒட்டியிருக்கீங்க?"

"ஒண்ணுக்குக்கூட இல்ல" என்றார் இயக்குநர் பெருமையாக. "எத்தன வீட்ட அளந்திருக்கோம்னு கேக்கறீங்களா? அது இனிமேதான்."

தாவின் கைக்கு எட்டிய வீடு ஒன்றே ஒன்று: நான்காம் மாடி, கட்டடத்தின் வடக்கு ஓரம், ஒரே அறை, ஒரு சமையல் மூலை. ஓர வீடு என்றால் ஒருபக்கச் சுவருக்கு அண்டைவீட்டுச் சூடு கிடையாது, சைபீரியாதான் அண்டைவீடு. விற்பவர் ஜியா என்ற ஓய்வுபெற்ற வாத்தியார். ஊரில் வசதியுள்ள எல்லாக் கிழங்களையும் போல அவரும் நவம்பரிலேயே தெற்கே ஹைனான் தீவுக்குப் பறந்துவிட்டார். கைபேசித் திரையில் அரைக்கால் சட்டையோடு, இளநீரோடு தோன்றினார்.

"வீடு எப்பிடிங்க வாத்தியாரே? சூடா இருக்குமா?"

"ரொம்ப சூடு தம்பி. தாங்கவே முடியல" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் இருந்த இடத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

அளவை நாளுக்கு முந்தின நாள் தாவ் மூன்று மணி நேரம் அந்த அறையில் நின்றான். வடக்குச் சுவரின் கீழ்மூலையில் சர்க்கரை தூவினாற்போல் உறைபனி பூத்திருந்தது. வெந்நீர்க் குழாயில் கை வைத்தால், காய்ச்சல் விட்ட நோயாளியின் நெற்றி மாதிரி இருந்தது. சட்டைப்பையிலிருந்து சொந்த வெப்பமானியை எடுத்துப் பார்த்தான். பதிமூன்று.

"அப்போ வேணாம்னு விட்டுடு" என்றான் பணிமனையில் அவனோடு வேலை பார்க்கும் குய். குய் நல்ல பருமன், எதற்கும் கலங்காதவன்.

"விட்டா எங்க போறது? வேற வீடு இல்ல. சிவப்புக் காகிதம் ஒட்டிட்டா இதுவும் இல்ல. சன்னல் சந்தெல்லாம் நான் அடைச்சுக்குவேன், சுவருக்குப் பஞ்சுத் தகடு வச்சுக்குவேன். நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்த அஞ்சு டிகிரி வந்துட்டாப் போதும்ணே."

குய் யோசித்தான். "அடுப்பு விழா வச்சிட்டியா?"

அதாவது புதுவீட்டுக்குப் போனதும் சொந்தபந்தமெல்லாம் பானையும் விறகுமாக வந்து, அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று, வீட்டின் அடுப்பை முதன்முதலாகக் கொளுத்திவிட்டுப் போவது. ஆள் கூடக்கூடக் குடும்பம் செழிக்கும் என்று எண்ணம்.

"இன்னும் வாங்கவே இல்லியேண்ணே."

"வாங்கறதுக்கு முன்னாடி வைக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்? நாளைக்கு எட்டு மணிக்கே வச்சிடுவோம். நம்ம பட்டறைல பதினாலு பேர். நானே ரெண்டு பேருக்குச் சமம்."

அப்படித்தான் ஆயிற்று. தாவ் தன் வாழ்நாளில் செய்த ஒரே தில்லுமுல்லு அது. அதையும் விருந்து போட்டுச் செய்தான்.

மறுநாள் பத்து மணிக்கு வெப்ப வாரியத்திலிருந்து அளவைக்காரி லுவான் வந்தபோது, அறைக்குள் பதினான்கு வெல்டர்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து புளிக்கவைத்த முட்டைக்கோசும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த பானை கொதித்துக் கொதித்துச் சன்னலில் தண்ணீர் வழிந்தது. லுவானின் கண்ணாடி ஒரே நொடியில் வெளுத்துப்போனது. அதைக் கழற்றித் துடைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே முக்காலியை நிறுத்தி, வெப்பமானியை மாட்டினாள்.

"இவங்கல்லாம் யாரு?"

"சொந்தக்காரங்கக்கா" என்றான் தாவ்.

"இங்கயே இருப்பாங்களா?"

தாவ் குனிந்து பானையைக் கிளறினான். லுவான் தன் படிவத்தைப் புரட்டினாள். தெரு, மாடி, சன்னல்களின் எண்ணிக்கை, திரைச்சீலையின் நிறம் என்று முப்பத்தொரு கட்டங்கள் இருந்தன. ஆட்களைக் குறிக்கக் கட்டம் இல்லை. அவள் பேனா சற்றுத் தயங்கியது. மூலையில் நாற்காலியில் அமர்ந்திருந்த மெங்கின் வயிற்றைப் பார்த்தாள்.

"எப்போ தங்கச்சி?"

"அடுத்த மாசக் கடைசி."

லுவான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழே காரில் வந்திறங்கிய இயக்குநர் சியாங் புகைப்படக்காரரோடு நுழைந்துவிட்டார். பதினெட்டுப் புள்ளி இரண்டு. முத்திரை விழுந்தது. சாட்சி என்ற இடத்தில் தாவ் கையெழுத்துப் போட்டான். பதினான்கு பேரும் பானையும் நடுவில் இயக்குநருமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"பாருங்க!" என்றார் இயக்குநர், ஒரு கறித்துண்டை விழுங்கிக்கொண்டே. "இந்த வீட்டுல என்னமா ஒரு கதகதப்பு!"

அவர்கள் படியிறங்கிய அரை மணி நேரத்தில் தாவின் வெப்பமானி பதினான்குக்கு வந்தது. சாயங்காலம் பதிமூன்று. ஒருவாரம் கழித்து, பத்திரம் முடித்துக் குடியேறியபின், உண்மையான குளிர் வந்ததும், பன்னிரண்டு.

தாவ் சும்மா இருக்கவில்லை. சன்னல் சந்துகளைக் காகிதப் பசையால் ஒட்டினான். சுவருக்குப் பஞ்சுத் தகடு அடித்தான். நான்காம் நாள் அதற்குப் பின்னாலும் பனி பூத்தது. மின் அடுப்பை ஏற்றினால் மாடி முழுக்க ஃப்யூஸ் போய், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார். வேறு வழியில்லாமல் மையத்துக்குப் போனான்.

இயக்குநர் அந்த வீட்டின் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "சான்றிதழ் பதினெட்டுங்குது. நீங்க பன்னெண்டுங்கறீங்க. இதுல எதுக்கு முத்திரை இருக்கு?"

"நான் அங்கதானே சார் குடியிருக்கேன். குளிருது."

"அதத்தான் சொல்றேன் தம்பி. வீடு பதினெட்டுல இருக்கு. நீங்க பன்னெண்டுல இருக்கீங்க. இது உங்க தனிப்பட்ட குளிர். இதுக்கு மையம் எப்பிடிப் பொறுப்பாகும்?"

"சார், அன்னிக்கு உள்ள பதினாலு பேர் இருந்தாங்க. பானை கொதிச்சுது. அதான் ஏறிச்சு. தப்பு என்மேலதான், ஒத்துக்கறேன். ஆளில்லாம இன்னொரு தடவை அளந்து பாருங்க."

"ஆளில்லாமலா?" இயக்குநர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "வீடு யாருக்காகத் தம்பி? மனுஷனுக்கா, காலி நாற்காலிக்கா? மறு அளவை கேக்கற உரிமை உங்களுக்கு உண்டு. ஏழாவது விதி. ஆனா முதல் அளவை எந்த நிலமையில நடந்துதோ அதே நிலமையில நடக்கணும். இல்லேன்னா ரெண்டையும் எப்பிடி ஒப்பிடறது? படம் இருக்கு எங்ககிட்ட. அதே பதினாலு பேர், அதே பானை."

"சார்..."

"இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. இதே வீட்ட மே மாசம் வாங்கியிருந்தா? நவம்பர்வரை குளிர்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆறு மாசம் ஏமாந்துபோயிருப்பீங்க. அந்த ஆறு மாச ஏமாத்தத்த மையம் உங்களுக்கு மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கு. இதுக்கு நன்றிகூட நாங்க எதிர்பார்க்கல."

மறு அளவை ஜனவரி பத்தில் நடந்தது. பதினான்கு பேரில் ஒருவன் வேலை மாறித் தெற்கே போய்விட்டதால், அவன் எடைக்குச் சரியாக எழுபத்தெட்டுக் கிலோவில் மையமே ஓர் எழுத்தரை அனுப்பிவைத்தது. கறி போதாது என்று இயக்குநர் கையோடு ரத்தத் தொத்திறைச்சி வாங்கிவந்தார். குய் சாப்பிட மறுத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "கோவத்துல இன்னும் சூடாகறியேண்ணே, பச்சத்தண்ணி குடிண்ணே!" என்று தாவ் கெஞ்சினான். லுவான் வெப்பமானியைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பதினெட்டுப் புள்ளி நான்கு.

"முன்னேற்றம்!" என்றார் இயக்குநர்.

மறுநாளே கதவில் பித்தளைத் தகடு வந்தது: 'மாவட்டத்தின் மாதிரிக் கதகதப்பு வீடு'. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் தாவ் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மாதிரி வீட்டில் குடியிருப்பவன் புகார் கொடுத்தால் தகட்டுக்கு மரியாதையில்லை.

மெங் அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு, "இதக் காய்ச்சி மூலையில வைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தை ஜனவரி இருபத்துநான்கில் பிறந்தது. பெண். இரண்டு கிலோ அறுநூறு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். "சின்ன உடம்பு. சூடு பிடிச்சு வச்சுக்கத் தெரியாது. ரூம் சூடா இருக்கணும், புரியுதா? கை கால் சில்லிட்டுப் போனா உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்றாள் செவிலி. தாவ் தலையாட்டினான். அவன் வீட்டு விலாசத்தை எழுதிக்கொடுத்தபோது, "அட, பேப்பர்ல வந்த அந்த மாதிரி வீடா! அப்போ கவலையே இல்ல" என்று சிரித்தாள்.

அன்று அறையில் பதினொன்று. மெங் தலையில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே கிடந்தாள். சுற்றிலும் வெந்நீர்ப் புட்டிகள். தாவ் சட்டையைத் திறந்து குழந்தையை வெறும் மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு, அறைக்குள் நடந்தபடியே இருந்தான். நடந்தால் உடம்பு சூடாகும். நின்றால் குழந்தையின் விரல்கள் அவன் நெஞ்சில் ஐந்து பனித்துளிகளாகச் சில்லிடுவது தெரியும். அது அழாமலிருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. நகங்களில் லேசாக நீலம் ஏறியிருந்தது.

"இதோ பார்" என்று மெங்கிடம் காட்டினான்.

"நான் பார்த்துட்டேன்" என்றாள் அவள். "நீ நடந்துட்டே இரு."

மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடலாம் என்று அவன் கம்பளியைத் தேடிக்கொண்டிருந்தபோது, கதவு தட்டப்பட்டது. இயக்குநர் சியாங் நின்றிருந்தார். பின்னால் படிக்கட்டு முழுக்க ஆட்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து மாதிரி வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்த பதினாறு அதிகாரிகள். கடைசியில் லுவான், முக்காலியோடு.

"சார், உள்ள பிள்ள பெத்தவ இருக்கா. இன்னிக்கு நாலாவது நாள். அந்நியங்க வரக்கூடாது."

"பத்தே நிமிஷம் தம்பி. அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்திருக்காங்க."

"முடியாது சார். தயவுசெஞ்சு..."

"வரட்டும்" என்றாள் மெங் உள்ளேயிருந்து.

தாவ் திரும்பிப் பார்த்தான்.

"எல்லாரையும் வரச்சொல்லு. ஒருத்தரும் வெளிய நிக்கவேணாம். கோட்டக் கழட்டிட்டு வரச்சொல்லு."

பதினெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். கட்டிலைச் சுற்றி, சமையல் மூலையில், சுவரோரமாக நெருக்கியடித்து நின்றார்கள். பனியில் நனைந்த கம்பளிக் கால்சட்டைகளிலிருந்து ஆவி எழுந்தது. மெங் மெத்தையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தரையில் கால் வைக்கக்கூடாதவள் கால் வைத்தாள். யார்மீதும் இடிக்காமல் கதவுவரை போய், இரும்புக் கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டி, சாவியை எடுத்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு, திரும்பிவந்து படுத்தாள்.

இயக்குநருக்கு முதலில் விளங்கவில்லை. வழக்கம்போல் பேசிமுடித்து, கைதட்டல் வாங்கி, கதவருகே போன பிறகுதான் விளங்கியது.

"தங்கச்சி, கதவு பூட்டியிருக்கு."

"ஆமா."

"எங்களுக்கு மத்தியானம் ஒரு கூட்டம் இருக்கு."

"இங்கயே நடத்துங்க."

"என்னம்மா வெளையாட்டு இது! எவ்வளவு நேரம் எங்கள இங்க வச்சிருக்கப்போற?"

"நேரமில்ல சார், நாள். மாசம் முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு."

அறை முழுக்கச் சலசலத்தது. பக்கத்து மாவட்டத்து அதிகாரி ஒருவர், இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதா என்று இன்னொருவரிடம் விசாரித்தார். இயக்குநர் சியாங் கத்தினார். சட்டம் என்றார், காவல்துறை என்றார், தகட்டைக் கழற்றிவிடுவேன் என்றார், இந்த மாவட்டத்து மக்களுக்கு நல்லது செய்யவே கூடாது என்றார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயிலிருந்து ஆவியாக வந்தது.

"பதினாறு புள்ளி அஞ்சு" என்றாள் லுவான், யாரும் கேட்காமலே.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முக்காலியில் மாட்டிய வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாசல்ல நிக்கும்போதே இவங்க வெப்பமானியப் பார்த்தேன். பதினொண்ணு இருந்துது." அவள் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பதினெட்டு வரட்டும் சார். அப்புறம் பேசலாம்."

"நீ வெப்ப வாரியத்து ஆளா, இல்ல இவங்க ஆளா?" என்று இயக்குநர் அவள்மேல் பாய்ந்தார். அவளுடைய வேலையைப் பற்றி, ஓய்வூதியத்தைப் பற்றி, பொறுப்பு என்றால் என்ன என்பதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். தாவ் அறையின் நடுவில், அந்தக் குரலுக்கு நேர்எதிரே நின்றான். நடக்க இடமில்லை. நடக்கவேண்டிய தேவையும் குறைந்திருந்தது. மெதுவாகச் சட்டைக்குள் பார்த்தான். ஒரு விரல் அசைந்தது. பிறகு இன்னொன்று. ஐந்தும் விரிந்து அவன் தோலைப் பற்றின. குழந்தை வாயைத் திறந்து, வீட்டுக்கு வந்தபிறகு முதன்முறையாக, வீறிட்டு அழுதது.

இயக்குநர் சியாங் பேச்சை நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதீங்க சார்" என்றாள் மெங்.